முப்பத்தேழு முறை இறந்தவருக்கு ஒரு வாழ்த்து மடல்

"திரையுலகின் வரலாற்றை மர்டோ பிட்கேர்னுக்கு முன், மர்டோ பிட்கேர்னுக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்தே வருங்காலம் கற்கும்."

1987ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் விழாவுக்காக இராசநாயகம் எழுதிய வாழ்த்து மடலின் முதல் வரி இது. இதை எழுதிய நாள் வரை மர்டோ பிட்கேர்ன் நடித்த ஒரு படத்தையும் அவர் பார்த்ததில்லை. தொலைக்காட்சியில் ஆட்டுப் புழு மருந்து விளம்பரம் ஒன்று பார்த்திருந்தார். அதுவும் பாதிதான். மீதிப் பாதியில் மனைவி யோகராணி சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்.

இராசநாயகம் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், தலைமை எழுதுவினைஞராக இருந்தவர். காலையில் அவர் உள்ளே வந்தால் நாற்பது கதிரைகள் பின்னால் நகரும் சத்தம் கேட்கும். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்து, பென்ரோஸில் ஒரு பெயின்ற் தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவர் வந்தாலும் போனாலும் கதிரை நகர்வதில்லை, கதிரையே இல்லை. ஃபோர்மன் அவரை "ரொஸ்" என்று கூப்பிட்டான். பெயர் நீளமாம்.

ஆகவே ஒக்லாந்து முத்தமிழ் மன்றத்தின் தலைவர் பதவி அவருக்கு வேண்டியிருந்தது. அறுபது உறுப்பினர்களைக் கொண்ட மன்றத்தில், தலைவர் உள்ளே வரும்போது எல்லோரும் எழுந்து நிற்கிற வழக்கம் இன்னும் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக இராசநாயகம் செயலாளர். கடிதம் எழுதினார், மண்டபம் பிடித்தார், கதிரை அடுக்கினார். எழுந்து நிற்கிறவர்களில் முதல் ஆளும் அவராகவே இருந்தார்.

தலைவர் சபாரத்தினம், பணக்காரர் வாழும் எப்சத்தில் வீடு வாங்கிய கணக்காளர். அவருடைய பலம் பிரதம விருந்தினர்கள். ஒரு வருடம் இருதய சத்திரசிகிச்சை நிபுணர், மறு வருடம் பாராளுமன்ற உறுப்பினர், போன வருடம் ஒரு நகரபிதா. நகரபிதா பத்து நிமிடம் இருந்து ஒரு வடையைக் கையில் பிடித்தபடியே போய்விட்டார் என்றாலும், வந்தது வந்ததுதான். பொங்கல் விழா முடிந்த கையோடு அதே மண்டபத்தில் ஆண்டுப் பொதுக்கூட்டமும் தேர்தலும் நடக்கும். பெரிய ஆளைக் கொண்டுவந்தவர் பெரிய ஆள்.

"இந்த முறை விருந்தாளியை நான் பிடிக்கிறன்," என்று இராசநாயகம் செயற்குழுவில் சொன்னார்.

"ஆரைப் பிடிப்பியள்? உங்கட ஃபோர்மனையோ?" என்றார் சபாரத்தினம். செயற்குழு சிரித்தது. கூட்டக் குறிப்பில் அந்தச் சிரிப்பை இராசநாயகம் எழுதவில்லை.

ஆளைக் கண்டுபிடித்தது உண்மையில் யோகராணி. கிளென் ஈடனில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு நெட்டையான கிழவர் குடியிருந்தார். யோகராணி மீன் பொரிக்கிற நாட்களில் அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் யோகராணி ஒரு தட்டில் நான்கு துண்டு கொடுத்தனுப்பினார். தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, தன் பெயர் மர்டோ பிட்கேர்ன் என்றும், தான் ஸ்கொட்லாந்துக்காரன், சினிமா நடிகன் என்றும் கிழவர் சொன்னார்.

"பிளேற்றைக் கழுவித் தந்த நடிகனை நான் இப்பதான் பாக்கிறன்," என்றார் யோகராணி.

இராசநாயகம் அன்று பின்னேரமே ஒரு கொப்பியும் இரண்டு பேனாவும் எடுத்துக்கொண்டு போனார். வாழ்த்து மடல் எழுதுவதில் அவருக்கு முப்பது வருட அனுபவம். எத்தனை அரசாங்க அதிபர்களை வழியனுப்பியிருப்பார்! குலம், கல்வி, பதவி, தொண்டு என்று கொப்பியில் நான்கு தலைப்புகள் கீறிக்கொண்டார்.

"தகப்பனார் என்ன செய்தவர்?"

"பீற்றர்ஹெட் துறைமுகத்தில் மீன் வெட்டினார்," என்றார் மர்டோ.

இராசநாயகம் எழுதினார்: கடல்வளப் பெருங்குடியில் தோன்றி.

"படிப்பு?"

"பதினாலு வயதில் விட்டுவிட்டேன். என்னை விட்டதில் பள்ளிக்கூடத்துக்கும் சந்தோஷம்."

இராசநாயகம் எழுதினார்: கல்வியைப் பதினான்கு வயதிலேயே நிறைவு செய்து.

"கலைத்துறைக்கு எப்பிடி வந்தீர்கள்? குரு ஆர்?"

"ஒரு குதிரை," என்றார் மர்டோ. ஊருக்குப் பக்கத்தில் படம் எடுக்க வந்தவர்களுக்குக் குதிரையிலிருந்து விழ ஓர் ஆள் தேவைப்பட்டதாம். இவர் விழுந்தார். விழுந்த பிறகு அசையாமல் கிடந்தார். இந்தப் பையன் நன்றாகச் செத்துக்கிடக்கிறான் என்று இயக்குநர் சொன்னார். அதிலிருந்து அதுவே தொழிலாகிவிட்டது. "நாற்பத்து மூன்று படம், ரொஸ். முப்பத்தேழில் செத்தேன்."

"மிச்சம் ஆறில்?"

"படம் தொடங்கும்போதே செத்திருந்தேன்."

இராசநாயகத்தின் பேனா நின்றது.

எழுபத்து நாலில் மர்டோ ஒரு யுத்தப் படத்துக்காக நியூசிலாந்துக்கு வந்திருக்கிறார். மூன்றாம் நாளே சுட்டுவிட்டார்கள். சுட்ட கையோடு படக் கம்பனியும் படுத்துவிட்டது. ஊருக்குத் திரும்பவில்லை. இப்போது காலையும் மாலையும் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். புழு மருந்து விளம்பரம்தான் சாகாமல் நடித்த ஒரே வேலை. அதில் ஆடும் சாகவில்லை.

"நான் வருவது பிரச்சினையில்லை," என்றார் மர்டோ. "அந்த மீன் இருக்குமா?"

பொங்கலுக்கு மீன் இராது என்று சொல்ல இராசநாயகத்துக்கு மனம் வரவில்லை. "விசேஷ சாப்பாடு," என்றார்.

மூன்று நாள் அவர் சாப்பாட்டு மேசையில் கொப்பியோடு இருந்தார். சிக்கல் இதுதான்: பொங்கல் மேடையில் வாசிக்கிற மடலில் சாவு என்ற சொல் வரக்கூடாது. வீரமரணம் கூடாது, அமரத்துவம் கூடாது, சிவபதம் அடியோடு கூடாது. சாவை எடுத்துவிட்டால் மர்டோ பிட்கேர்னின் கலைவாழ்வில் மிஞ்சுவது ஒரு குதிரை, ஒரு ஆடு.

"பஸ் ஓட்டுறாரெண்டு எழுதுங்கோவன். நல்ல வேலைதானே," என்றார் யோகராணி.

"உமக்கு இது விளங்காது. பிரதம விருந்தினர் பஸ் ஓட்டுறதில்லை."

"அப்ப ஆர் ஓட்டுறது?"

இராசநாயகம் கொப்பியில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கடைசியில், "நாற்பத்து மூன்று திரைக்காவியங்களில் தன்னையே முழுமையாக அர்ப்பணித்தவர்" என்று எழுதிவிட்டு அதைத் தானே இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார். பொய் ஒரு துளியும் இல்லை. பட்டமும் ஒன்று வேண்டும். 'அபிநய பூபதி' என்று வைத்தார்.

இதற்கிடையில் வீடு வீடாகப் போய் வாக்கும் கேட்டார். அறுபதில் முப்பத்து நாலு பேர் "ஓம், அண்ணைக்குத்தான்" என்று தேத்தண்ணி மேல் உறுதி கொடுத்தார்கள். சினிமாக்காரன் வருகிறான் என்ற கதை பரவியிருந்தது.

விழா ஜனவரி பதினேழு, சனிக்கிழமை. எப்சத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். ஐந்து மணிக்கு மண்டபத்தைப் பூட்டித் திறப்பைக் காவலாளியிடம் ஒப்படைக்க வேண்டும். மர்டோ சரியான நேரத்துக்கு வந்தார். பஸ் ஓட்டுகிறவர் அல்லவா. வாசலில் பன்னீர் தெளித்தார்கள், சந்தனப் பொட்டு வைத்தார்கள், கசெற்றில் நாதஸ்வரம் போட்டார்கள். கசெற் இடையில் ஒருமுறை மூச்சுவிட்டுத் திரும்பத் தொடங்கியது. மாலை, பொன்னாடை எல்லாம் முறைப்படி நடந்தன. சபாரத்தினம் தலைமையுரை ஆற்றினார். அதில் நகரபிதாவை இரண்டு முறை நினைவுகூர்ந்தார்.

பிறகு இராசநாயகம் வாழ்த்து மடலை வாசித்தார். இருபத்தைந்து நிமிடம். மர்டோ கால்மேல் கால் போடாமல், கண்ணை மூடாமல் இருந்து கேட்டார். அசையாமல் இருப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கண்ணாடிச் சட்டம் போட்ட மடலைக் கையில் கொடுத்ததும், அதைத் தலைகீழாகப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். கைதட்டல்.

இராசநாயகத்தின் திட்டப்படி விழா இத்தோடு முடிந்து தேர்தல் தொடங்க வேண்டும். ஆனால் சபாரத்தினம் ஒலிவாங்கியைப் பிடித்து, "எங்கட அபிநய பூபதியிட்டைப் பிள்ளையள் ஆராவது கேள்வி கேக்கிறதெண்டால் கேளுங்கோ," என்றார். எந்தப் படத்தில் எந்த வேடம் என்று யாரும் கேட்டுவிட்டால் இராசநாயகத்தின் பாடு என்ன என்பதை அவர் கணக்குப் பார்த்திருந்தார்.

உறுப்பினர் சோதிலிங்கத்தின் மகள், எட்டு வயது, முன்வரிசையிலிருந்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "நீங்கள் படத்தில என்ன செய்வீங்கள்?"

"சாவேன்," என்றார் மர்டோ.

"செய்து காட்டுங்கோ!"

மர்டோ மடலைக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்தார். எங்கிருந்தோ ஓர் அம்பு வந்தது. அவர் முதுகு வில்லாக வளைந்தது, முழங்கால் மடிந்தது, ஒரு சுற்றுச் சுற்றி மல்லாந்து விழுந்தார். விழுந்த விதத்தில் பிழையில்லை; விழுந்த இடத்தில்தான் பிழை. தலைமாட்டில் எரிந்துகொண்டிருந்தது குத்துவிளக்கு. கழுத்தில் மாலை, மேலில் பொன்னாடை, நெற்றியில் சந்தனம். கண்ணும் மூடியிருந்தது. கால் பெருவிரல்களைக் கட்டாதது ஒன்றுதான் குறை.

பின்வரிசையில் ஒரு பெண் தன்னை அறியாமலே விம்மிவிட்டார்.

பொங்கல் பானைக்குப் பொறுப்பாயிருந்த குணவதி அகப்பையோடு எழுந்தார். "நல்ல நாளும் அதுவுமா விளக்கடியில கிடத்தி வைச்சிருக்கிறியளோ? எழுப்புங்கோ அந்த மனுசனை! பொங்கல் இன்னும் பரிமாறேல்லை!"

"ஆர் கூட்டிக்கொண்டு வந்ததெண்டு சபைக்குத் தெரியும்," என்றார் சபாரத்தினம், துக்கம் நிறைந்த குரலில்.

"இது கலை," என்றார் இராசநாயகம்.

பிள்ளைகள் மேடைக்கு ஓடிவந்துவிட்டார்கள். "அகெய்ன்! அகெய்ன்!" மர்டோ ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"சாகிறதெண்டால் வெளியில போய்ச் சாகட்டும்!" என்று குணவதி தீர்ப்புச் சொன்னார். அது நியாயமாகவே எல்லோருக்கும் பட்டது. மர்டோ எழுந்து வெளியே புல்தரைக்குப் போனார். பின்னால் பிள்ளைகள் போனார்கள். பிள்ளைகளைப் பார்க்கத் தாய்மார் போனார்கள். தாய்மாரைக் கூப்பிடத் தகப்பன்மார் போனார்கள். பொங்கலையும் வெளியே கொண்டுபோய்ப் பரிமாற வேண்டியதாயிற்று. குணவதியே அங்கே நின்று, ஒவ்வொரு சாவுக்கும் தலையில் அடித்துக்கொண்டு, அடுத்ததையும் பார்த்தார்.

நாலரை மணிக்குப் பொதுக்கூட்டம். இராசநாயகம் உள்ளே தலைகளை எண்ணினார். தன்னோடு சேர்த்துப் பதினேழு. அநேகம் பேர் சபாரத்தினத்தின் ஆட்கள். ஒழுங்கானவர்கள், கதிரையை விட்டு அசையாதவர்கள். வாக்குறுதி தந்த முப்பத்து நாலு பேரில் முக்கால்வாசிப் பேர் புல்தரையில் நின்றார்கள்.

"யாப்பு என்ன சொல்லுது, செயலாளர்?" என்று சபாரத்தினம் பணிவாகக் கேட்டார். வெளியில் நிற்பவர்களும் வந்தால் தனக்கு வாக்குப் போதாது என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

மன்றத்தின் விதிகள் அடங்கிய அந்த யாப்பை எழுதியவர் இராசநாயகம். கச்சேரி முறைப்படி, ஓட்டை இல்லாமல் எழுதியிருந்தார். மண்டபத்தினுள் இருபத்தொரு உறுப்பினர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். கால் மணித்தியாலத்துக்குள் சேராவிட்டால் கூட்டம் கலையும். பழைய நிர்வாகமே இன்னும் ஓர் ஆண்டுக்குத் தொடரும்.

"நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்," என்றார் இராசநாயகம். உதவிச் செயலாளர் செல்வரத்தினத்திடம் பதிவேட்டையும் மணிக்கூட்டையும் கொடுத்துவிட்டு வெளியே விரைந்தார்.

"கூட்டம் தொடங்கப்போகுது! எல்லாரும் உள்ளுக்கு வாங்கோ!" என்று கையைத் தட்டினார். நான்கு பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனார்கள். மற்றவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. யோகராணி முன்னுக்கு நின்றார், கையில் மடித்த பொன்னாடையோடு. அழுக்காகிவிடும் என்று மர்டோ கழற்றிக் கொடுத்திருந்தார்.

"இஞ்ச பாரும், உள்ள வாரும். வாக்கு இருக்கு."

"பொறுங்கோப்பா. இப்ப இவர் சார்ஜன்ற். சுட்டுப்போட்டாங்கள், இன்னும் தெரியாது இவருக்கு."

யோகராணியின் கையைப் பிடித்து இழுக்கப்போன இராசநாயகம், ஏதோ ஒன்றுக்காகத் திரும்பிப் பார்த்தார்.

மர்டோ நடந்து வந்துகொண்டிருந்தார். குண்டு பட்ட ஆளைப் போல நடக்கவில்லை. வீட்டுக்குப் போகிற ஆள் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்ததுபோல் நடந்தார். நின்றார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கையை எடுத்துப் பார்த்தார். அதில் இருந்ததைக் கண்டு அவர் பயப்படவில்லை. வெட்கப்பட்டார், கூட்டத்துக்கு முன்னால் தேத்தண்ணியைக் கொட்டிவிட்டவர்போல. யாரும் கவனிக்காத மாதிரி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு இன்னும் நாலு அடி வைத்தார். பிறகு மெதுவாகப் புல்லில் உட்கார்ந்தார், களைத்துப்போன ஒரு சாதாரண மனிதன் உட்காருகிற மாதிரி. சரியவில்லை. தலை மட்டும் கொஞ்சம் தாழ்ந்தது.

ஒரு பிள்ளையும் சத்தம் போடவில்லை. இதற்கு மடலில் ஒரு வரிகூட எழுதவில்லையே என்று இராசநாயகம் நினைத்தார். அப்போது மர்டோ எழுந்து, காற்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, "இனிக் கடலில் மூழ்குகிறது," என்று அறிவித்தார். இராசநாயகம் எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டினார். மூழ்கி முடியும் வரை நின்றார்.

அவர் உள்ளே திரும்பியபோது காவலாளி ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். சபாரத்தினம் எழுந்து புறப்பட, பதினைந்து கதிரைகள் பின்னால் நகர்ந்தன. செல்வரத்தினம் பதிவேட்டை நீட்டினார். நாலே முக்கால் மணிக்கு எடுத்த கணக்கு அதில் சுத்தமாக எழுதியிருந்தது.

உள்ளே இருபது பேர் இருந்திருக்கிறார்கள். இருபத்தோராவது ஆள் இராசநாயகம்.