வீட்டில் வைத்துக் குடிக்க

என் கணவர் பீட்டர்ராஜ் இறந்து நான்கு மாதம் ஆனபோது எங்கள் இருபதாவது கல்யாண நாள் வந்தது. அன்றைக்கு நல்ல ஒயினாக ஒரு பாட்டில் வாங்கி, வீட்டில் வைத்துக் குடிப்பது என்று முடிவு செய்தேன். எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் காரணம் சொல்லத் தெரிந்திருக்காது. நான் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறவள். காரணம் எழுதாமல் அடுத்த வரிக்குப் போகிற பிள்ளைக்கு மதிப்பெண் போட மாட்டேன்.

ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் அவர் கேட்பார். “ரோஸ்லின், ஒரே ஒரு நாளு. நல்ல ஒயினா வாங்கியாறேன். நம்ம வீட்ல உக்காந்து ஆளுக்கொரு டம்ளர் குடிப்போம்.”

நானும் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். “குடிக்கணும்னா வெளிய போய்க் குடிங்க. இந்த வாசப்படியைத் தாண்டி அது உள்ள வரக் கூடாது.”

என் அப்பா குடித்தே குடும்பத்தை அழித்தவர். அந்தக் கோபத்தையெல்லாம் கொண்டுவந்து இவர் தலையில் இறக்கினேன். கிறிஸ்துமசுக்கு மாமியார் ஒயினுக்காக ஜாடியில் திராட்சை ஊறப்போடுவதைக்கூட, நான் வந்த முதல் வருஷமே நிறுத்தவைத்தேன்.

மனிதர் சொன்ன பேச்சைக் கேட்டார். மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை சின்னமனூர்ப் பக்கம் போய், அங்கேயே குடித்துவிட்டு பைக்கில் திரும்புவார். ஜனவரியில் ஒரு சாயங்காலம் அப்படித் திரும்பும்போது, திராட்சைப் பெட்டி ஏற்றுவதற்காக ஓரமாக நின்றிருந்த வேனின் பின்னால் மோதினார். வீட்டுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் தேவ சித்தம் என்றார்கள். வேன்காரனைத் திட்டினார்கள், ரோட்டைத் திட்டினார்கள். நீதானே அவரை வெளியே அனுப்பினாய் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. யாராவது சொல்லிவிட்டால் தேவலை என்று ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னமோ போல இருக்குமே, நான்கு மாதமும் எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

எங்கள் ஊரைச் சுற்றித் திராட்சைப் பந்தல்தான். ஆனால் நல்ல ஒயின் எங்கே வாங்கலாம் என்று ஒரு பொம்பளை கேட்டுவிட்டால் பந்தலுக்குக் கீழே நிற்கிறவனும் திருதிருவென்று விழிப்பான். பக்கத்து வீட்டு வைகுண்டராஜ் பட்டாளத்தில் இருந்தவர், கேண்டீனில் அவருக்குப் பாட்டில் கிடைக்கும். அவரிடம் கேட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் என்னோடு வேலை பார்க்கும் ஜெஸ்லினைப் போனில் கேட்டேன்.

“கேரளா பார்டர்ல குமுளிக்குப் போயிருங்க டீச்சர். அங்கன பொம்பளைக வரிசையில நின்னா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாக” என்றாள்.

“செக்போஸ்ட்ல பையத் திறக்கச் சொன்னா?”

“அதுவும் சரிதான். அப்பத் தேனிக்குப் போங்க. கண்ணாடிக் கதவு போட்ட கவர்மெண்ட் கடை ஒண்ணு இருக்காம். எங்க வீட்டுக்காரர் சொன்னாக.”

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. தாலி அறுத்தவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

கல்யாண நாளன்று காலையில் அவர் பெயரில் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டுத் தேனிக்குப் பஸ் ஏறினேன். அந்தக் கடை வாசலில் நின்ற இரண்டு ஆண்கள் என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதுவும் இல்லை.

கடையில் இருந்தவர் முத்துராஜா என்று சட்டையில் அட்டை குத்தியிருந்தார். “யாருக்காச்சும் பரிசு குடுக்கவா மேடம்?”

“இல்ல. வீட்ல குடிக்க.”

“யாரு குடிக்கிறாக?”

“நான்தான்.”

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. “மொதத் தடவைன்னா இனிப்பா எடுத்துக்கங்க. துவர்ப்பு ஒத்துக்கிடாது. இன்னொண்ணு மேடம், எந்தக் கடையில வாங்குனாலும் பாட்டில எங்கன வச்சிருக்காகன்னு பாத்து வாங்குங்க. இந்த மே மாச வெயில்ல கிடந்த ஒயினு கெட்டுப்போகும். இங்க நாள்பூரா ஏசி ஓடுது.” திருகித் திறக்கிற மூடியாகப் பார்த்து ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். நம்ம பக்கத்துத் திராட்சைதான் என்றார்.

“இங்கன குடிக்கிறவுக எங்க உக்காருவாக?”

“இங்க பார் கிடையாது மேடம். வாங்கி வீட்டுக்குத்தான் கொண்டுபோகணும்.”

பஸ்ஸில் வரும்போது பை மடியில் இருந்தது. பீட்டர்ராஜுக்கு இந்தக் கடை தெரிந்துதான் இருக்கும். தெரிந்து என்ன செய்ய? இங்கே வாங்கினால் கொண்டுபோக அவருக்கு ஒரு வீடு வேண்டுமே.

வீட்டில் மாமியார் இன்னாசியம்மாள் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மகன் போன பிறகும் என்னோடுதான் இருக்கிறார். ஒளிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மூடியைத் திருகி எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். ஒரு வாய் குடித்தேன். இனித்தது, தொண்டையில் லேசாகச் சுட்டது. அவ்வளவுதான். இதைத்தான் இருபது வருஷம் வாசலிலேயே நிறுத்திவைத்தேன்.

“என்ன ஆத்தா அது?” என்றார் மாமியார்.

“ஒயின்.”

“எங்கன வாங்குன?”

“தேனியில.”

“நல்லதா?”

“நல்லதுன்னு சொன்னாக.”

இன்னும் இரண்டு கொத்து உருவி முடித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

“எம்மவனையும் இங்கன உக்காந்து குடிக்க விட்டிருக்கலாம்ல ஆத்தா?”

“விட்டிருக்கலாம் அத்தை” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். வலித்தது, தாங்க முடியாமல் வலித்தது. தேற்றுவதற்கு அத்தை எழுந்து வரவில்லை. அடுத்த கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.