தோற்க வேண்டிய பரீட்சை

என் தம்பி எம்ரிஸ் ரக்பியைத் தொழிலாக எடுத்ததிலிருந்து எங்கள் வேல்ஸ் பள்ளத்தாக்கில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. அவன் மூக்கு முதல் தடவை உடைந்தபோது கறிக்கடைக்காரர் அவன் பெயரில் ஒரு சாசேஜ் போட்டார். இரண்டாம் தடவை உடைந்ததும் விலையை ஏற்றினார். அப்பாவுக்குக் கிளப் பாரில் பியர் இலவசம். நான் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் தலையைக் கொடுத்து உட்காருகிறவர்கள் எல்லாரும் என் தம்பியின் தலையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

"பயமே இல்லாத பய, நெரிஸ், உன் தம்பி! தலையைக் குடுத்துல்ல மோதுறான்!"

எங்கள் ஊரில் தலை மோதுவதற்குத்தான் இருக்கிறது. யோசிக்கிற வேலையை பாரில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். போன சீசனில் ஓர் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த எம்ரிஸ், குளித்துவிட்டு, அதே ஆட்டத்துக்கு மறுபடியும் கிளம்பினான். ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

சீசனுக்கு முன்னால், ஆகஸ்டில், கிளப் டாக்டர் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரு பரீட்சை வைப்பார். பத்து வார்த்தை சொல்வார், திருப்பிச் சொல்ல வேண்டும். மாதங்களைக் கடைசியிலிருந்து சொல்ல வேண்டும். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். பிறகு ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் அதே பரீட்சையை மறுபடி வைப்பார். ஆகஸ்டில் வாங்கியதைவிட மதிப்பெண் குறைந்தால் வெளியே உட்கார வேண்டியதுதான். ஆகவே ஆகஸ்டில் வேண்டுமென்றே கோட்டை விடுகிறவன் கெட்டிக்காரன். இந்த ஞானத்தை எம்ரிஸுக்கு ஊட்டியவர் ஹைவெல். அணியிலேயே மூத்தவர். அடிபட்டு அடிபட்டு இரண்டு காதும் காலிஃபிளவர் மாதிரி வீங்கிப் போனவர்.

"டாக்டரம்மா பத்து சொன்னா நீ நாலு சொல்லு, போதும். மாசத்துல ஒண்ணு ரெண்ட முழுங்கிடு. ஒத்தக் கால்ல நிக்கிறப்ப லேசா ஆடு. அப்புறம் லாரியே வந்து மோதினாலும் உன்னை எவனும் வெளிய உக்கார வைக்க முடியாதுடா."

"போன வருஷம் நீங்க எத்தனை சொன்னீங்கண்ணே?"

"மூணு!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு, கழிவறைக்குப் போக எழுந்து எங்கள் சமையலறை அலமாரியைத் திறந்தார். பல வருடமாக வந்துபோகிற வீடு.

எம்ரிஸ் நான்கு சொல்லிவிட்டு வந்தான். டாக்டர் லோவ்ரி கிளப்புக்குப் புதிது, எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர். தாளைப் பார்த்துவிட்டு, இந்தப் பையன் பந்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை சீசனின் முதல் ஆட்டம். தேசிய அணிக்கு ஆள் எடுக்கிறவர் பார்க்க வருகிறார். எம்ரிஸின் ஒப்பந்தமும் இந்த வருடத்தோடு முடிகிறது. கோச் ஹாப்கின் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"நடிச்சேன்னு ஒத்துக்கிட்டுத் தொலைடா! திட்டு வாங்கிக்கோ. மறுபடி ஒழுங்கா சொல்லிட்டு வந்து ஆடு."

எம்ரிஸ் ஒத்துக்கொண்டான். டாக்டர் திட்டவில்லை. மறுபடி வைக்கிறேன், வீட்டிலிருந்து ஒருவர் கூட வரட்டும், நடித்தால் வீட்டாளுக்குத் தெரியும் என்றார். அப்பா பாரில் இதே விஷயத்தை விளக்கிக்கொண்டிருந்ததால் நான் போனேன்.

"இன்னைக்குப் பத்துக்குப் பத்து, பாருக்கா" என்றான் காரில்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். வாளி, மிளகு, பாலம், கம்பளி என்று பத்து வார்த்தை. சும்மா உட்கார்ந்திருந்த எனக்கே ஒன்பது நினைவில் நின்றது.

"வாளி" என்றான் எம்ரிஸ். "பாலம். மிளகு." கொஞ்சம் யோசித்தான். "கம்பளி. வாளி." பிறகு தைரியமாக "ஆப்பிள்" என்றான். ஆப்பிளை யாரும் சொல்லவேயில்லை.

டிசம்பரிலிருந்து நவம்பருக்கு வந்தவன் நேரே ஆகஸ்டுக்குப் போய், அங்கிருந்து மறுபடியும் நவம்பருக்கு ஏறினான். ஒற்றைக் காலில் நின்றவன் கட்டிலில் சாய்ந்தான். கதவருகே நின்ற கோச் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பாத்தீங்களா டாக்டர்? திருட்டுப் பய இன்னும் நடிக்கிறான்!"

எம்ரிஸின் முகம் வாடிவிட்டது. "இல்ல கோச். இன்னைக்கு நெஜமாத்தான் பண்ணேன். பத்தும் சொல்லிட்டேனே?"

கோச்சின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனால் ஆள் சீக்கிரம் சமாளித்துக்கொண்டார்.

"நெரிஸ், நீ சொல்லும்மா. நடிக்கிறான்தானே? சனிக்கிழமை யாரு வர்றாருன்னு உனக்குத் தெரியும்ல?"

எல்லாம் தெரியும். தலையை ஆட்டினால் போதும், சனிக்கிழமை அவன் மைதானத்தில் இருப்பான். அதற்குத்தான் அவன் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஊரே அவனை வளர்த்தது. டாக்டர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். பள்ளியில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆடு மேய்ப்பவனாக நின்ற எம்ரிஸ் எனக்கு ஞாபகம் வந்தான். குழந்தை ஏசுவைப் பார்க்கச் சொன்னால், முழுநேரமும் எங்களைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு அவன் இளிக்கவில்லை. கோச்சின் மேலும் ஹைவெல் மேலும் என் மேலும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவனுக்கு நடிக்கவே வராது கோச்" என்றேன். "போன தடவையும் நடிச்சிருக்க மாட்டான். நடிக்கிறதா நெனச்சிருப்பான்."

"அக்கா! என்னக்கா நீ? பத்தும் சொன்னேன்ல?"

"நாலுடா கண்ணு."

அவன் நம்பவில்லை. விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். வாளி, பாலம் என்று இரண்டு விரலை மடக்கியவன், மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கோச் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவைச் சாத்தக்கூட அவருக்குப் பொறுமை இல்லை.

"எம்ரிஸ் இல்லப்பா, முடிஞ்சது. அந்தச் சின்னப் பையன் இருக்கான்ல, போன வருஷம் பழைய டாக்டர்கிட்ட இந்தப் பரீட்சையில அவன் எத்தனை சொன்னான்? மூணா? பரவாயில்லையே, விவரமான பய. அவனையே போடு."