ஒரே ரத்தம்

அக்காவுக்கு ஒத்துக்கொண்ட மருந்து தங்கைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எவன் எழுதி வைத்தான்? எவனும் இல்லை. யோகேஸ்வரி தானாகவே முடிவு பண்ணிக்கொண்டாள். "நமக்கு ஒரே ரத்தம்லா, பிரவீனா. எனக்கு உள்ள குறை உனக்கும் இருக்கும்."

அந்தக் குறையை அவள் சிங்கப்பூரில் எச்சிலைச் சோதனைக்குக் கொடுத்துக் கண்டுபிடித்திருந்தாள். மரபணுவில் ஏதோ மாற்றமாம், சாதாரண ஃபோலிக் ஆசிட் உடம்பில் சரியாகச் சேராதாம். வீரியம் கூடின ஃபோலேட் மாத்திரையை விழுங்கினாள், மகன் பிறந்தான். அவ்வளவுதான், அக்கா டாக்டராகிவிட்டாள்! போன வருஷம் பிரவீனாவுக்குக் கரு கலைந்ததும், தன் ஊரான யோங் பெங்கிலிருந்து மாத்திரைப் புட்டியும் கையுமாகத் தங்கையின் மாசாய் ஃபிளாட்டில் வந்து இறங்கினாள்.

"கிளினிக்ல குடுக்கிற மாத்திரையத் தூக்கிப் போடு. அதெல்லாம் நம்ம உடம்புக்கு வேலைக்காவாது."

பிள்ளைக்கு ஏங்கிக் கிடப்பவள் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வாள். பிரவீனாவும் வாங்கிக்கொண்டாள்.

முதலில் தூக்கம் போனது. பிறகு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அதற்கும் பிறகு வந்தது பாருங்கள் ஒரு கோபம், அப்பப்பா! கதவு சாத்தினால் கோபம், புருஷன் குணாளன் சோறு மெல்லும் சத்தம் கேட்டால் கோபம். அக்காவிடம் சொன்னதற்கு, "மருந்து வேலை செய்யுதுலா, இன்னொன்னு சேத்துப் போடு" என்றாள், மகராசி.

குணாளன் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்புகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட மறந்துவிட்டான் என்று ஆரம்பித்தாள். 'என்னங்க' என்று கூப்பிடும் வாய் 'நீ' என்றது. அதோடு நின்றதா?

"உன்ன அப்பான்னு கூப்பிடப் பிடிக்காமத்தான் அந்தப் புள்ள பாதியிலயே போயிடுச்சு!"

அவன் ஒரு அறை விட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். அவனோ நாலு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு, சிங்கப்பூரில் கூட்டாளியின் அறைக்குப் போய்விட்டான்.

நெஞ்சடைப்போ என்று பயந்து டாக்டரிடம் ஓடினாள் பிரவீனா. அவர் மரபணுச் சோதனையும் எடுத்துப் பார்த்தார்.

"உங்க அக்காவுக்கு உள்ள மாத்தம் உங்களுக்கு இல்ல. கூடப் பொறந்தாலும் எல்லாம் ஒண்ணா இருக்காது. இவ்வளவு வீரியம் சிலருக்கு ஒத்துக்காது, தூக்கம் கெடும், எரிச்சல் வரும். இத நிறுத்துங்க. கிளினிக் மாத்திரையே உங்களுக்குப் போதும்."

நிறுத்தினாள். தூக்கம் வந்தது, கோபம் போனது. புருஷன் வரவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டாள். "ஐயோ, அலமாக், எனக்கு நல்லாத்தானே வேலை செஞ்சிச்சு! சின்ன வயசிலேர்ந்தே உனக்கு வாய் நீளம், மருந்துமேல பழி போடாத" என்றாள் ஒரே ரத்தக்காரி. பிரவீனா போனைத் துண்டித்தாள்.

மிச்சத் துணியை எடுக்க குணாளன் ஒரு நாள் வந்தான். டாக்டர் சொன்னதையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"மாத்திரை தூக்கத்தக் கெடுக்கும், சரி. கோவத்தயும் குடுக்கும், நம்புறேன். அந்த வார்த்தைய எங்கேர்ந்து எடுத்த?"

பிரவீனாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. கரு கலைந்த அன்று, ஷிப்ட் முடியட்டும் என்று இருந்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் ஆஸ்பத்திரிக்கு வந்து "சாப்பிட்டியா?" என்று அவன் கேட்டபோது, அவள் மனசுக்குள் அதைத்தான் சொன்னாள். அப்போது எந்த மாத்திரையும் இல்லை.

அவள் முகத்திலேயே அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பையை மூடி எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனான்.