வயதுக்கு மீறிய பக்குவம்

அரசாங்கத்தைப் பற்றி தேவசகாயத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எந்த ஆபீசுக்குப் போனாலும் சான்றிதழ் கேட்பார்கள். அணுமின் நிலைய ஊழியர்களுக்கான அணுபுரம் குடியிருப்பில் ஒப்பந்தத் தோட்டக்காரர். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கே போலீஸ் சான்றிதழ் கொடுத்து நுழைவுச் சீட்டு வாங்கியவர். மகன் கிருபாகரன் கைதானபோது அவர் உட்கார்ந்து அழவில்லை. கடைக்குப் போய் பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று வாங்கிவந்தார்.

நடந்தது இது. மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரையில் உட்கார்ந்திருந்த கேளம்பாக்கத்து ஐ.டி. இளைஞர் ஒருவரின் போனைப் பறித்திருக்கிறார்கள். அவர் விடாமல் பிடித்துக்கொள்ள, தோளில் கத்தி இறங்கிவிட்டது. இறக்கியவன் விஷால், வயது பதினேழு. சாலையோரம் பைக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தவன் கிருபாகரன், பதினாறு வயது நான்கு மாதம்.

சட்டம் இரக்கமுள்ளது. பதினெட்டுக்குக் கீழே உள்ளவரை அது குற்றவாளி என்று சொல்லாது. 'சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை' என்றுதான் சொல்லும். குழந்தைக்கு அதிகம் போனால் மூன்று வருடம் சிறப்பு இல்லம். ஆனால் குற்றம் கொடியதாகவும் குழந்தை பதினாறைத் தாண்டியதாகவும் இருந்தால், இளைஞர் நீதிக் குழுமம் ஒரு சோதனை வைக்கும். விளைவு தெரிந்து செய்கிற மூளையும், செய்கிற உடம்பும் இந்தக் குழந்தைக்கு இருந்தனவா? இருந்தன என்றால், பெரியவர்களுக்கு நடக்கிற மாதிரி விசாரணை; நிரூபணமானால் ஏழு வருடத்துக்கும் மேலே போகலாம். தோற்றால் மட்டுமே பிழைக்க முடிகிற பரீட்சை.

இதை தேவசகாயத்துக்குச் சொல்ல வேண்டியவர் இலவசச் சட்ட உதவி வக்கீல் பிரவின்குமார். அவர் போனில், "பையன டெஸ்ட் பண்ணுவாங்க, ரெடி பண்ணி வைங்க" என்றார். பிறகு வேறு அழைப்பு வந்துவிட்டது.

தேவசகாயம் ரெடி பண்ணினார். முதலில் தலைமையாசிரியை பிரபாவதி.

"நல்லவன்னு ஒரு வரி போட்டா போதுமா?" என்று கேட்டார் அவர்.

"கொஞ்சம் பெருசா போடுங்க மேடம். ஜட்ஜம்மா படிக்கறது."

ஆண்டு விழாவில் நாற்பது நிமிடம் பேசுகிறவருக்குச் சின்னதாக எழுதவும் வராது. 'வயதுக்கு மீறிய பக்குவமும், எதையும் முன்பின் யோசித்துச் செய்யும் திறனும் கொண்ட மாணவர்' என்று எழுதி, முத்திரையை இரண்டு இடத்தில் குத்தினார். உடற்கல்வி ஆசிரியர், கபடியில் இவன் பிடித்த ஆளை வெளியே விட்டதில்லை என்று எழுதினார். பாஸ்டர், பத்துக் கட்டளைகளைப் பிழையில்லாமல் ஒப்பித்து முதல் பரிசு வாங்கியதை எழுதினார். மனைவி காசியம்மாள் பாத்திரம் தேய்க்கிற ஃபிளாட்டின் அதிகாரி, தன் பங்குக்கு, 'பொறுப்பில் இவன் சிறுவனே அல்ல' என்று எழுதிக் கொடுத்தார்.

பையனை வைத்திருந்த கூர்நோக்கு இல்லத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போய் தேவசகாயம் பயிற்சியும் கொடுத்தார். "நிமிந்து உக்காரு. கண்ண பாத்து பேசு. ஒண்ணு கேட்டா ரெண்டா சொல்லு. நம்ம புள்ள விவரமான புள்ளன்னு அவங்களுக்குப் புரியணும்."

குழுமம் கூடிய அறையில் சுவரெல்லாம் கரடியும் பலூனும் வரைந்திருந்தது. குழந்தைகள் பயப்படக் கூடாதாம். நடுவர் கறுப்பு அங்கி போடவில்லை. மேடையும் இல்லை. எல்லோருக்கும் சமமான நாற்காலி, அவருடையதற்கு மட்டும் மெத்தை. பக்கத்தில் சமூக சேவை உறுப்பினர்கள் இரண்டு பேர். கேள்வி கேட்க அனு என்ற இளம் உளவியலாளர்.

முதலில் விஷால். அவன் அம்மா சம்பூர்ணம் கையை வெறுமனே வீசிக்கொண்டு வந்திருந்தாள்.

"அது சுத்த மண்ணு மேடம். உப்பு வாங்கியாடான்னா சோப்பு வாங்கிகினு வரும். எட்டாவதுல ரெண்டு வாட்டி ஃபெயிலு. சட்டைய திருப்பிப் போட்டுகினு தெருவெல்லாம் சுத்தும். அதுக்கு இன்னா தெரியும்?"

விஷால் வாயைப் பாதி திறந்துகொண்டு மின்விசிறியைப் பார்த்தான். உன் வயது என்ன என்றதற்கு அம்மாவைப் பார்த்தான்.

தேவசகாயம் கூசிப்போனார். "பெத்தவ பேசற பேச்சாடி இது?"

"நம்ம புள்ள பேசறத கேட்டு வயிறு எரிஞ்சிகினு போவா பாரு" என்றாள் காசியம்மாள்.

கிருபாகரன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அடுத்தவங்க போனைப் பறிக்கிறது தப்புன்னு தெரியுமா கண்ணா?"

"தெரியும் மேடம். பத்துக் கட்டளைல எட்டாவது."

"கத்தி பட்டா என்ன ஆகும்?"

"ரத்தம் நெறைய போனா செத்துடுவாங்க மேடம். ஜெயிலுக்குப் போவணும். அந்த அண்ணன் வூட்ல எல்லாருக்கும் கஷ்டம்."

"பைக்கை ஏன் ஆஃப் பண்ணலை?"

"திரும்ப ஸ்டார்ட் ஆவலைன்னா மாட்டிப்போம்னு மேடம்."

அனுவின் வாயிலிருந்து தன்னையறியாமல் "வெரி குட்" வந்துவிட்டது. காலையிலிருந்து அவருக்கு முழு வாக்கியத்தில் பதில் சொன்ன முதல் பையன். சந்தோஷமாக எழுதிக்கொண்டார். யாரும் கேட்காமலே தேவசகாயம் எழுந்து போய் ஃபைலை நடுவரின் மேசையில் வைத்தார். நடுவர் ஒவ்வொரு தாளையும் ரசித்துப் படித்துவிட்டுப் பக்கத்து உறுப்பினரிடம் நீட்டினார்.

அப்போதுதான் பிரவின்குமார் உள்ளே வந்தார். நடுவர் கையிலிருந்த தாள்களைப் பார்த்ததும் தேவசகாயத்தை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"யாருய்யா இதெல்லாம் குடுக்கச் சொன்னது?"

"நீங்கதான சார் ரெடி பண்ணச் சொன்னீங்க?"

பத்து நாளில் உத்தரவு வந்தது. பதினோரு பக்கம். 'கனத்த இதயத்துடன்' என்று தொடங்கி, இதயம் எத்தனை கனம் என்பதற்கு இரண்டு பக்கம் எடுத்துக்கொண்டது. மூளைக்குப் பிரபாவதியை மேற்கோள் காட்டியது. உடம்புக்குக் கபடி, விளைவுகளை அறிந்ததற்குப் பாஸ்டர். கத்தி பிடித்த விஷால் குழந்தையாகவே நீடித்தான். பைக்கில் இருந்த கிருபாகரனைப் பெரியவனாக விசாரிக்க வேறு நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். இல்லத்து வேனில் ஏறும்போதும் விஷாலின் வாய் திறந்தே இருந்தது. சம்பூர்ணம் அவன் தலையில் ஒரு தட்டு தட்டி, "மூடுடா, போதும்" என்றாள்.

தேவசகாயம் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வக்கீலிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "இதுல நம்ம புள்ளய பத்தி எதனா தப்பா எழுதிகீறாங்களா சார்?"

"ஒரு வார்த்தை கூட இல்ல" என்றார் பிரவின்குமார்.

அந்த நீதிமன்றம் விரும்பினால் மறுபடி சோதிக்கலாம். பையன் மந்தம் என்று யாராவது எழுதித் தந்தால் பார்க்கலாம் என்றும் சொன்னார். தேவசகாயம் பள்ளிக்கு ஓடினார்.

"நான் போட்ட கையெழுத்த நானே பொய்னு சொல்றதா?" என்றார் பிரபாவதி. "அதுவும் மக்குன்னு! நூறு சதவீத ரிசல்ட் குடுக்கற ஸ்கூல் தேவசகாயம் இது. பேப்பர்ல வந்தா யார் பதில் சொல்றது?"

மிச்சமிருந்தது ஒரே வழி. அடுத்த ஞாயிறு தேவசகாயம் காசியம்மாளுடன் இல்லத்துக்குப் போய் மகன் எதிரில் உட்கார்ந்தார்.

"இனிமே யார் இன்னா கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு" என்றார்.

"தெரிஞ்சத கேட்டா?"

"தெரிஞ்சதும் தெரியாது. வாய கொஞ்சம் தொறந்தா மாதிரி வெச்சுக்கோ. விஷால் மாதிரி."

"ஏம்பா, நான் அன்னிக்கு நல்லாத்தான சொன்னேன்?"

காசியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நல்லாத்தான் சொன்ன" என்றார் தேவசகாயம்.

அவர்கள் போனபிறகு இல்லத்து மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் வந்தார். கிருபாகரனை அவருக்குப் பிடிக்கும். "இன்னாடா, அப்பா அவ்ளோ நேரம் இன்னா சொல்லிகினு இருந்தாரு?"

கிருபாகரன் வாயை அளவாகத் திறந்து, மின்விசிறியைப் பார்த்தான்.

"தெரியாது சார்."

மேற்பார்வையாளர் விழுந்து விழுந்து சிரித்தார். நீதிமன்றத்துக்குப் போகிற மாத அறிக்கையை அன்றுதான் எழுத வேண்டும். பாவம், நல்ல பையன், நம்மால் ஆனது நாலு நல்ல வார்த்தை என்று பேனாவைத் திறந்தார். 'ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்கிறான். சமயம் அறிந்து நடந்துகொள்ளும் சாமர்த்தியசாலி' என்று, அடித்தல் திருத்தல் இல்லாமல், அழகான கையெழுத்தில் எழுதினார்.