குட்டைத் தொட்டி

தலை நிறைய நுரையும் கண்ணில் எரிச்சலுமாகச் சின்னவள் ஷவருக்கு அடியில் நின்றாள். மேலிருந்து நூல் மாதிரி ஒழுகியது தண்ணீர். கீழ்வீட்டில் மட்டும் குழாயைத் திறந்தால் வாளி துள்ளும். அங்கே குடியிருப்பவள் பெரியவள், சின்னவளுடைய கணவனின் அண்ணன் மனைவி.

"நான் குளிக்கிற நேரம் பார்த்து வேணும்னே எல்லாக் குழாயையும் திறந்து விடறாங்க."

"அண்ணி அப்படிச் செய்வாங்களா?" என்றான் கணவன்.

"அண்ணியைச் சொன்னா உங்களுக்குச் சுருக்குன்னு இருக்குமே! வாடகைக்கு வீடு பார்த்தாச்சு, ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். அதுக்குள்ள தண்ணி வரலைன்னா நான் கிளம்பறேன். நீங்க வேணும்னா உங்க அண்ணி கையால சாப்பிட்டுக்கிட்டு இங்கயே இருங்க."

இத்தனைக்கும் அவள் புலம்பலைக் கேட்டுத்தான் பத்து நாளைக்கு முன்பு பெரியவளின் கணவர், பெரியவர், மொட்டை மாடியில் புதுத் தொட்டி வைத்தார். பழையது ஆயிரம் லிட்டர், ஒட்டகம் போல நெட்டை. புதியது இரண்டாயிரம் லிட்டர், குட்டையாக, அகலமாக, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த ஆள் மாதிரி. பழைய தொட்டி நின்ற செங்கல் மேடை அதற்குப் போதவில்லை. மேடையை இடித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்த்தி வைத்தார்கள். அன்றிலிருந்து ஷவரில் முன்பு வந்த தண்ணீரும் போயிற்று.

வெள்ளிக்கிழமை பிளம்பர் வந்தார். ஷவரைக் கழற்றிப் பார்த்தார், அடைப்பு இல்லை.

"கீழ எதாவது குழாய் திறந்திருக்கா?"

கையும் களவுமாகப் பிடித்துவிடச் சின்னவளே தடதடவென்று படியிறங்கினாள். கீழே எல்லாக் குழாயும் இறுக மூடியிருந்தது. குளியலறையில் ஐந்து வாளி, இரண்டு அண்டா, ஒரு பழைய பெயின்ட் டப்பா, எல்லாவற்றிலும் தண்ணீர்.

"என்னக்கா இது, வெள்ள நிவாரணமா?"

பெரியவள் சங்கடமாகச் சிரித்தாள். "விடியறதுக்கு முன்னாடியே பிடிச்சு வெச்சுக்கறேன்டி. நீ குளிச்சு முடிக்கிற வரைக்கும் நான் குழாயையே தொடறதில்ல. அப்படியும் உனக்கு வரலியா?"

சின்னவள் மாடிக்குத் திரும்பினாள். போன வேகம் திரும்பி ஏறும்போது இல்லை.

மொட்டை மாடியில் பிளம்பர் தொட்டியில் நீள ரப்பர் குழாய் ஒன்றை மாட்டியிருந்தார். அதன் நுனியை ஷவர் உயரத்துக்குச் சுவரோரம் இறக்கினார். தண்ணீர் சோம்பலாகச் சொட்டியது. இன்னும் இறக்கினார், ஓடியது. முற்றம் வரை விட்டார்.

"தண்ணி வருதா?" என்று அண்ணாந்து கேட்ட பெரியவர் முகத்திலேயே பீய்ச்சி அடித்தது.

"வருது, வருது! நிறுத்துய்யா!"

பிளம்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சின்னவளிடம் சொன்னார். "தண்ணியை பூமி கீழ இழுக்குதும்மா. எவ்வளவு உயரத்துல இருந்து இறங்குதோ, அவ்வளவு வேகம். ஆயிரம் லிட்டரா ரெண்டாயிரமாங்கறது கணக்கே இல்ல. ஐயா தொட்டியைப் பெருசா வாங்கிட்டு உயரத்தைக் குறைச்சுட்டாரு. கீழ்வீட்டுக்கு ஒரு மாடி உயரம் கூடுதலா இருக்கு, அதான் அங்க கொட்டுது."

"கடைக்காரன் சொல்லலையேய்யா!" என்றார் சொட்டச் சொட்ட மேலேறி வந்த பெரியவர்.

"அவன் தொட்டி விக்கறவன், உயரம் விக்கறவன் இல்லீங்க."

ஞாயிறு காலைக்குள் எட்டடி இரும்புத் தாங்கி நின்றது. அதன்மேல் குட்டைத் தொட்டி கர்வமாக ஏறி உட்கார்ந்தது. சின்னவள் ஷவரைத் திறந்தாள். முதுகில் கைதட்டுவது போல விழுந்தது தண்ணீர். அவள் குளிக்கவில்லை. உடனே ஓடிப்போய்ப் பெரியவளை இழுத்து வந்தாள்.

"இத்தனை நாள் வாளியில மொண்டு குளிச்சீங்கல்ல? முதல்ல நீங்கதான்."

"எனக்கெதுக்குடி... கையை விடு..." என்றபடியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் பெரியவள்.

கைபேசி அடித்தது. வாடகை வீட்டுக்காரர்.

"என்னம்மா, முடிவு பண்ணிட்டீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். தண்ணித் தொட்டி எப்படி?"

"அந்தக் கவலையே வேண்டாம்மா. இந்தத் தெருவிலேயே பெரிய தொட்டி. அசையாம மாடித் தரையிலேயே உட்கார வெச்சிருக்கோம்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப வேற ஆளைப் பாருங்க சார்."

"ஏம்மா?" என்று அவர் கேட்டது சரியாகக் கேட்கவில்லை. குளியலறையிலிருந்து, தண்ணீர்ச் சத்தத்துக்கும் மேலே, பெரியவளின் குரல் வந்தது:

"அடியே! சோப்பை எங்கடி வெச்சிருக்க?"