பூஜையில் வைத்த பூட்டு

காளிராஜின் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பின்கதவு எப்போதும் பூட்டியே கிடக்கும். துணி களவு போகிறதாம். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியைத் திருடி எந்தப் புண்ணுக்குக் கட்டப் போகிறார்கள் என்று அவரிடம் கேட்க ஆளில்லை. போன மாதம் மோட்டாரில் பொறி பறந்து கழிவுப் பஞ்சு பற்றியபோது முன்வாசல் முழுக்கப் புகை. பெண்கள் பின்கதவை அடித்துக் கை வீங்கியதுதான் மிச்சம். தீயை எப்படியோ அணைத்தார்கள். பூட்டு அப்படியே தொங்கியது.

மம்சாபுரத்திலிருந்து வேலைக்கு வரும் வெள்ளத்தாய் பூட்டை எடுக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். "பாக்கலாம்" என்பார் காளிராஜ்.

கூட வேலை பார்க்கும் பானுப்பிரியா அரசாங்கப் பரீட்சைக்குப் படிப்பவள். சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்.

"அந்தக் காலத்துல நியூயார்க்குல ஒரு தையல் கம்பெனி தீப்பிடிச்சிருக்குக்கா. கதவு பூட்டிக் கெடந்து நூறு பேருக்கு மேல செத்துட்டாவ. பொறவுதான் சனங்க திரண்டு சட்டத்த மாத்திருக்காவ."

"எதுக்குட்டி பூட்டுனானாம்?"

"துணி களவு போகும்னு."

"நம்ம முதலாளிக்குச் சொந்தக்காரனா இருப்பான்" என்றாள் வெள்ளத்தாய். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் பின்கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆயுத பூஜை வந்தது. துணி வெட்டும் கத்தரிகளைக் கழுவிப் பொட்டு வைத்துச் சாமி முன் அடுக்கினார்கள். "பூட்டையும் குடுங்க முதலாளி, அதுவும் உழைக்குதுல்லா" என்று வெள்ளத்தாய் கேட்டாள். பக்தி என்று நினைத்துக் கழற்றிக் கொடுத்தார். அன்றிரவு கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும்தான். ஒரு முழத் துணிகூடப் போகவில்லை.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்ததும் காளிராஜ் பூட்டை எடுக்கக் கை நீட்டினார்.

"அது அங்கனயே இருக்கட்டும். அத எடுத்தா நாங்க கத்தரிய எடுக்க மாட்டோம்" என்றாள் வெள்ளத்தாய். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் அவள் நகரவில்லை. மற்றவர்களும் வந்து அவளருகே நின்றார்கள்.

சாயங்காலம் சரக்கு ஏற்ற லாரி வரும். காளிராஜ் கையை இழுத்துக்கொண்டார்.

"சரி, இனிமே பூட்டல. போய் வேலையப் பாருங்க."

"வேலை நேரத்துல பூட்டக் கூடாதுன்னு கதவுலயே எழுதிப் போடுங்க."

"எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"ஒங்க மேல இருக்கு முதலாளி. எனக்குப் பொறவு இங்க வாரவளுக்கு ஒங்களத் தெரியாதுல்லா."

காளிராஜ் பெயிண்ட் வாங்க ஆளனுப்பினார். எழுதி முடிக்கும்வரை ஒருத்தியும் கத்தரியைத் தொடவில்லை.