அழாத வெள்ளீயம்

பங்கா தீவில் வெள்ளீயத்தைக் கண்ணால் பார்த்து வாங்குகிறவனை ஒருவரும் மதிக்கமாட்டார்கள். விரல் கனத்தில் நீளமாக வார்த்த கட்டியைக் காதோரம் வைத்து வளைக்க வேண்டும். உள்ளே கிறீச்சென்று ஓர் அழுகை கேட்டால் சுத்தச் சரக்கு. காரீயம் எவ்வளவு வளைத்தாலும் ஊமை. கோப்பைப் பட்டறை வைத்திருந்த ருஸ்மாடிக்கு நாற்பது வருஷமாகக் காதுதான் உரைகல்.

அன்று காலை, வெள்ளீயம் உருக்கி விற்கும் ஹலிபா என்ற பெண் தன் உலையில் வார்த்துக் கொண்டுவந்த கட்டி அழவில்லை. இன்னொன்றை வளைத்தார். அதுவும் வாய் திறக்கவில்லை.

"என்ன ஹலிபா, காரீயத்தைக் கலந்துட்டியே. ஜனங்க குடிக்கிற கோப்பைக்கா இது?"

கோடியில் இரைந்துகொண்டிருந்த மெருகு இயந்திரத்தையும் மீறி அந்தக் குரல் எல்லா ஆட்களுக்கும் கேட்டது. பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். அப்புறம் ஹலிபாவிடம் எவன் வாங்குவான்? பக்கத்தில் நின்ற ஹலிபா என்னவோ சொல்ல வந்தாள், விழுங்கிக்கொண்டாள்.

"காகிதத்துல தேய்ச்சுப் பாரு, பாங்," என்று வழக்கம்போல அண்ணன் முறை வைத்து, அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

தேய்த்தார். காரீயமென்றால் பென்சில் போலக் கோடு விழும். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. ருஸ்மாடிக்குத் தலை சுற்றியது. காகிதம் ஒன்று சொல்கிறது, காது ஒன்று சொல்கிறது. அலமாரியிலிருந்து போன வருஷக் கட்டியை எடுத்து வளைத்தார். வாங்கும்போது நன்றாக அழுத கட்டி அது. இப்போது மூச்சே இல்லை.

கோப்பை கெட்டியாக இருக்க வெள்ளீயத்தோடு கலக்க வைத்திருந்த ஆன்டிமனித் துண்டு கண்ணில் பட்டது. உலோகம் மாதிரி மினுக்கும், சுத்தியல் பட்டால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். உலோகப்போலி என்று அவர் மகள் சொல்லுவாள். அதுதான் ஆளை ஏய்க்கிற பொருள், வெள்ளீயத்துக்கு என்ன வந்தது?

பள்ளியில் வேதியியல் நடத்தும் அந்த மகள் நூர்வதி, மதியம் மீன்குழம்போடு வந்தாள்.

"நூர், வெள்ளீயம் கிடந்து கிடந்து காரீயமா மாறுமா?"

"அதெப்படிப்பா மாறும்? உலோகத்துல அணுக்கள் எல்லாம் எலக்ட்ரானைப் பொதுவுல போட்டு வெச்சிருக்கும். அதனால நகர்ந்தாலும் பிடி விடாது, வளையும். வளையுறப்ப வெள்ளீயத்துல படிகங்க சட்டுனு திரும்பும். அந்தச் சத்தம்தான் அழுகை."

"பொதுவுல போட்டது இருக்கட்டும். சத்தம் எங்க போச்சு?"

அவள் ஹலிபாவின் கட்டி ஒன்றை எடுத்து வளைத்தாள். "நல்லாத்தானே அழுவுது?"

அவர் விழித்தார். அவள் அவர் காதருகே கொண்டுபோய் இன்னொரு முறை வளைத்தாள். பிறகு மெதுவாகக் கட்டியைக் கீழே வைத்தாள்.

"எத்தனை வருஷமா சுத்தியல் சத்தத்துல இருக்கீங்க. பேச்சு கேக்கும்ப்பா. மெல்லிசான சத்தம்தான் முதல்ல போகும்."

குழம்பு ஆறியது. காலையில் ஹலிபா கையெட்டும் தூரத்தில் நின்றது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நேரே அவள் உலைக்குப் போனார்.

"கட்டி அழுதது உனக்குக் கேட்டுச்சா?"

"ரெண்டும் கேட்டுச்சு."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"உன் ஆளுங்க நின்னாங்களே, பாங்."

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. தன் பேர் கெட்டாலும் பரவாயில்லை என்று இவள் அவர் மானத்தைக் காத்திருக்கிறாள். வெட்கத்தில் அவருக்குக் கண் நிறைந்தது.

அவளைக் கையோடு பட்டறைக்கு அழைத்துவந்து இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

"காலையில நான் சொன்னது தப்பு. ஹலிபா சரக்கு சுத்தம். போனது என் காதுதான். இனிமே அவ வளைச்சுச் சொன்னா போதும்."

ஹலிபா ஒரு கட்டியை எடுத்து வளைத்தாள். ருஸ்மாடி ஆட்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள்.